பதினான்கு புள்ளி இரண்டு

ஜிபார்குலின் மெர்சிடஸ்
மூன்றாம் முறையாக என் ஷெட்டுக்குள் வருகிறது,
ஓர் ஆட்டு வியாபாரியும் இரண்டு பள்ளிப் பையன்களும் தள்ள.
நரீனில் ஜனவரி. மைனஸ் இருபத்தாறு.
சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை.
டிக் என்று ஒரு சத்தம்,
சோற்றில் கல் கடிபட்டதுபோல்.
அவள் கதவை அறைந்து சாத்தியதில்
நான் வாங்கிய ஒன்பதாயிரம் சோமும் கேட்டது.

முதல் முறை பேட்டரியைக் குறை சொன்னேன்.
இரண்டாம் முறை ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு
பிஷ்கெக்கிலிருந்து பஸ்ஸில் வந்த வேறொன்றைப் பூட்டினேன்.
பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன், இறுக்கம் சரி.
எர்த் ஒயரின் முனையைச் சுரண்டினேன், பளபளத்தது.
அப்புறம் அவள் கண்ணெதிரிலேயே
ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தேன்.
எஞ்சின் ஊளையிட்டது.
மீட்டரில் பதினான்கு புள்ளி இரண்டு.
"பார்த்தாயா?" என்றேன்.
பார்த்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

டவுனுக்குள்ளேயே டாக்ஸி ஓட்டுகிறவள்.
பஜார், ஆஸ்பத்திரி, மறுபடி பஜார்.
இந்தக் கண்ணாடிப் பனியில்
யார் அப்படி ஊளையிட்டுக்கொண்டு போவார்கள்?

இன்று மிதிக்கவில்லை.
இரவல் பேட்டரியில் எஞ்சினை எழுப்பி
ஹீட்டரும் ஹெட்லைட்டும் போட்டு
சும்மா உறும விட்டேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பன்னிரண்டு.
பதினொன்று புள்ளி ஒன்பது.
ஓட்டைக் குடத்தின் பக்கத்தில் நிற்பதுபோல்
இருவரும் நின்றோம்.

எஞ்சினை அணைத்தேன்.
சாவியை ஒரு கட்டை மட்டும் திருப்பினேன்.
எண்ணெய் விளக்கு எரிந்தது. பிரேக் விளக்கு எரிந்தது.
பேட்டரிப் படம் போட்ட இடம்
கருப்பாகவே இருந்தது.

"இங்கே ஒரு சிவப்பு வருமே?"

"வரும். வந்த வேகத்தில் போய்விடும்.
நாள் பூராவும் சும்மா இருக்கிற பல்புதானே என்று
தம்பி எல்தியார் அதைப் பிடுங்கி
பெட்ரோல் முள்ளுக்குப் பின்னால் போட்டான்.
ராத்திரியில் முள் தெரியவில்லை என்று
நான்தான் சொல்லியிருந்தேன்."

"எப்போது?"

"நவம்பர் கடைசியில்."

முதல் முறை அவள் இங்கே வந்தது
டிசம்பர் மூன்றாம் தேதி.

சும்மா இருக்கிற பல்பு.
அதன் வழியாகத்தான் ஒரு துளி மின்சாரம்
உள்ளே போய்ச் சுருளைத் தொடும்,
காந்தம் விழிக்கும்.
ஒரு கரண்டி உறைமோர்,
அப்புறம்தான் பானைப் பாலும் தயிராகும்.
கழுவாத பானையில் ஊற்றி உலுக்கினால்
சில சமயம் தானாகவும் உறையும்.
அந்தச் சில சமயத்தைக் காட்டித்தான்
நான் காசு வாங்கியிருக்கிறேன்.

கடையில் அந்த அளவு பல்பு இல்லை.
என் காரின் கடிகாரத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன்.
கம்பிக் கொக்கி போட்டு மீட்டர் பெட்டியை இழுத்து
விறைத்த விரல்களால் செருகினேன், இரண்டு தடவை நழுவியது.
சாவி.
சிவப்பு.
எஞ்சின் எழுந்தது, சிவப்பு அணைந்தது.
பெடலில் யார் காலும் இல்லை.
பதினான்கு புள்ளி இரண்டு.

ஜிபார்குல் மீட்டரைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.
"என் பழைய ஆல்டர்னேட்டர் எங்கே?"

அதை அட்பாஷிக்காரன் ஒருவனுக்கு விற்று
இரண்டு வாரமாகிறது.
அவனுக்கு நன்றாகவே ஓடுகிறது.

மேசை டிராயரில் ஆறாயிரம்தான் இருந்தது. கொடுத்தேன்.
எச்சில் தொட்டு எண்ணினாள்.
"மீதி?"
"வெள்ளிக்கிழமை."
"எந்த வெள்ளிக்கிழமை?"
சொன்னேன்.
அதையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

தள்ளுவதற்குக் காத்திருந்த பையன்கள்
கார் தானாகவே நகர்வதைப் பார்த்து
கையுறைகளைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

ராத்திரி வீட்டுக்கு ஓட்டிப் போகையில்
மணி என்ன என்று
தெரியவில்லை.